இரவல் கொடுத்த கதை

ஹாங்காங்கில் நி குவாங் என்றொரு எழுத்தாளர் இருந்தார். ஷாங்காயில் பிறந்தவர். 1957இல் ஹாங்காங் வந்து, கூலி வேலை பார்த்து, பிறகு எழுத்தில் இறங்கினார். அறிவியல் கதை, வாள்வீரர் கதை என்று எழுதித் தள்ளினார். சினிமாவுக்கு மட்டும் முந்நூறு திரைக்கதைக்கு மேல்!

1965இல் ஜின் யோங் என்ற நண்பர் வெளிநாடு கிளம்பினார். பத்திரிகையில் அவருடைய தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. நான் வரும்வரை நீங்கள் எழுதுங்கள், ஆனால் யாரையும் கொன்றுவிடாதீர்கள் என்று நி குவாங்கிடம் ஒப்படைத்தார்.

நி குவாங் யாரையும் கொல்லவில்லை. தனக்குப் பிடிக்காத ஒரு பெண் பாத்திரத்தின் பார்வையை மட்டும் பறித்துவிட்டார்! திரும்பி வந்த ஜின் யோங், பார்வை போன அந்தப் பெண்ணை வைத்தே மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆக, பேனாவை இரவல் கொடுக்கலாம். கதையை இரவல் கொடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்!