உப்பில்லாக் கீரையும் ஆச்சியின் நகையும்



மரக்காணத்து உப்பளங்களைச் சங்கத் தமிழோடு சேர்த்துப் பேசத் தொடங்குவோர் எல்லாரும் சென்று நிற்கும் இடம் சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் நெய்தல் நிலத்து ஊராக எயிற்பட்டினம் வருகின்றது. அவ்வூர் இக்கடற்கரையே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். எயிற்பட்டினத்தைப் பேசுவோர் நுளைமகள் வடித்த தேறலையும் சுட்ட உலர்மீனையும் சொல்லி மகிழ்வர். அதே பாட்டில் வேறொரு காட்சியும் உண்டு. அது விழா மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு பாணனிடம் தன் பழைய வறுமையைச் சொல்கின்றான். கூரை இற்று விழுந்த அடுக்களை. கறையான் அரித்த சுவர். அதில் பூத்த காளான். கண் திறவாத குட்டிகள் பால் கேட்டு மோத, பாலற்ற தாய்நாய் நோவு தாங்காமல் குரைக்கின்றது. பசியால் மெலிந்த கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து வேகவைக்கின்றாள். உப்பு இல்லை. வெந்ததைச் சுற்றத்தாரோடு உண்ணும் முன், அறியாதார் கண்ணில் பட்டுவிடும் என்று நாணி வாயிற் கதவை அடைத்துவிடுகின்றாள்.

உப்பு விளையும் ஊரைப் பாடிய பாட்டிலேயே உப்பில்லாக் கீரையும் இருக்கின்றது. உண்பவர்களோ ஊரையெல்லாம் மகிழ்விக்கும் கலைக்குடியினர். மேடையில் ஆடியும் இசைத்தும் அவையைக் களிப்பித்த பெண், வீட்டில் கதவை அடைத்துக்கொள்கின்றாள். இந்த அடைத்த கதவை மனத்தில் நிறுத்திக்கொண்டு பார்க்கத்தக்க வாழ்வு ஒன்று நம் காலத்திலும் இருந்தது. நாடக மேடையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து தொலைக்காட்சிக்கும் வந்து, தம் வேடங்களையெல்லாம் தாமே திரும்பிப் பார்த்துப் பேசிய மனோரமாவின் வாழ்வே அது.

1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தவர், இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை மறுமணம் செய்துகொண்டபின், தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தார். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். தாய்க்கு உடல்நலம் குன்றியபோது 11 வயதுச் சிறுமி பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குச் சென்றாள். பின்னர் பள்ளத்தூருக்கு வந்த நாடகக் குழு ஒன்று அவளுக்கு மேடையையும், மனோரமா என்ற பெயரையும் தந்தது. செட்டிநாட்டில் பெண்களை மதிப்போடு அழைக்கும் ‘ஆச்சி’ என்ற சொல் பிற்காலத்தில் அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. வேலைக்காரச் சிறுமியாக எந்த வீட்டுப் பெண்களை ‘ஆச்சி’ என்று அழைத்திருப்பாரோ, அச்சொல்லாலேயே தமிழ்நாடு முழுவதும் அவரை அழைத்தது.

இச்செய்திகள் மனோரமாவே இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பலமுறை சொன்னவை. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. திரையுலகில் உயர்ந்தோர் பலர் தம் இளமை வறுமையைப் பூசி மெழுகுவர். அல்லது அதனை வெற்றிக்கதையின் முன்னுரையாக ஆக்கிக்கொள்வர். இவரோ தாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வெந்த கீரையில் உப்பில்லை என்பதை மறைக்காமல் பேசினார். கிணைமகள் அடைத்த கதவை இவர் திறந்தே வைத்தார்.

கதவைத் திறந்தவர் ஒரு நகைச்சுவை நடிகை என்பது மேலும் எண்ணத்தக்கது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைக்கின்றது. அடுத்து நிற்பது அழுகை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கும் கூறப்படுகின்றன. உரையாசிரியர்கள் இவ்வரிசைக்குப் பலவாறு காரணம் காட்டுவர். மனோரமாவின் வேடங்களைப் பார்த்தவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அவரிடம் நகையும் அழுகையும் அடுத்தடுத்த வீடுகள்; இடையில் மண்சுவர் கூட இல்லை.

1958ஆம் ஆண்டு கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவருக்கு முதற் படம். நாடகத்தில் கதாநாயகியாக நடித்து வந்தவருக்கு, நகைச்சுவை வேடம் என்றவுடன் மனம் ஒப்பவில்லை. கதாநாயகியின் காலம் சில ஆண்டுகள். நகைச்சுவையோ நெடுங்காலம் நிற்கும் என்று கவிஞர் எடுத்துரைத்ததாக அவரே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயினும் கவிஞர் சொன்னதே நிலைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்ற கணக்கு அதன் பின்னர் வந்தது. கதாநாயகியாகவே இருந்திருந்தால் என்றோ மறைந்து போயிருக்கக்கூடும் என்ற எண்ணத்தையும் அவர் ஒளிக்கவில்லை.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பதையே அவரைப் பற்றிய கட்டுரைகள் முதல் வரியாக எழுதும். அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையில். உண்மைதான். ஆனால் முதலமைச்சர்களைக் கொண்டு ஒரு நடிகையை அளப்பது, அம்பாரத்தின் உயரத்தைக் கொண்டு உப்பின் சுவையை அளப்பது போன்றது. அவரை அளக்க வேடங்கள் இருக்கின்றன.

இக்கடற்கரைச் சிற்றூர்களில் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தோர்க்கு ஒரு செய்தி எளிதில் விளங்கும். கூத்தில் சிரிக்க வைப்பவன் கட்டியக்காரன். பெண்வேடத்தையும் மரபாக ஆணே கட்டுவான். ஊர்ப் பொதுவில் ஒரு பெண் வாய்விட்டுப் பேசி மற்றவரைச் சிரிக்க வைப்பது மரபில் இல்லாத ஒன்று. திரையில் அந்த இடத்தை உண்டாக்கியவர்கள் டி.ஏ.மதுரம், சி.டி.ராஜகாந்தம், டி.பி.முத்துலட்சுமி முதலானோர். மதுரத்தின் நகை, கலைவாணரின் நகையோடு இணைந்து ஒளிர்ந்தது. மனோரமாவும் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் முதலிய பலரோடு இணைந்தே தொடங்கினார். ஆயின் இணை இல்லாமலும் தனியே நிற்கும் வலிமையை அவர் பெற்றார். கட்டியக்காரனின் தடி, பெண்ணின் கைக்கு வந்தது எனலாம்.

1968ஆம் ஆண்டு வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ இதற்குச் சான்று. ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். அதில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. நாதசுரம், பரதம் என்று உயர்கலைகள் மோதும் கதையில், மூன்றாந்தரம் என்று ஒதுக்கப்படும் நாடகக் கொட்டகையிலிருந்து வருபவள். சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு அவள் வியந்து நிற்கின்றாள். இந்த ஓசை உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று அவள் கேட்கும் இடம், அரங்கமே அதிரச் சிரித்த இடம்.

அச்சிரிப்பு எந்த நிலைக்களனில் பிறக்கின்றது? பேதைமை என்று சொல்லிவிடலாம். ஆயினும் அக்கேள்வியைச் சற்றே நின்று நோக்க வேண்டும். இசை கருவியில் இருக்கின்றதா, கலைஞனிடம் இருக்கின்றதா? கவிதை சொல்லில் இருக்கின்றதா, புலவனிடம் இருக்கின்றதா? இலக்கணிகளும் திறனாய்வாளரும் நூற்றாண்டுகளாக விடை தேடும் வினாவை ஒரு கொட்டகைக்காரி வெள்ளைச் சிரிப்போடு கேட்டுவிடுகின்றாள். மனோரமா அவ்வரியைச் சிறிதும் ‘நகைச்சுவையாக’ச் சொல்லவில்லை, மெய்யான வியப்போடு சொல்கின்றார். நகை பார்ப்போரிடம் பிறக்கின்றது. அவரிடம் இருப்பது மருட்கை. இந்நுட்பம் கற்றுக்கொடுத்து வருவதன்று.

அதே ஆண்டில் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் அவரே பாடி நடித்தார். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர், சென்னைச் சேரித் தமிழைத் தம் தாய்மொழிபோல் பேசினார். கொங்குத் தமிழும் அந்தணர் வீட்டுத் தமிழும் அவர் நாவில் பழுதின்றி வந்தன. வட்டார வழக்குகளைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. அவ்வழக்குகளின் ஏற்ற இறக்கத்தை, குறிப்பாகப் பெண்கள் பேசும் தமிழின் ஏற்ற இறக்கத்தை, செவியால் அறிய விரும்பும் மாணவர்க்கு அவருடைய படங்கள் ஓர் ஒலிக்களஞ்சியம்.

1986ஆம் ஆண்டு விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சார’த்தில் அவர் கண்ணம்மா என்ற வேலைக்காரி. வீட்டின் பூசலுக்குள் நாவையே கருவியாகக் கொண்டு புகுந்து, எதிரே நிற்பவரை வாயடைக்கச் செய்யும் வேலைக்காரி. சிறுவயதில் உண்மையாகவே பிறர் வீட்டு வேலை செய்த ஒருவர், அரை நூற்றாண்டு வாழ்வை நெருங்கும்போது அதே வேடத்தைத் திரையில் ஏற்று, அவ்வீட்டிலேயே ஓங்கிய குரல் உடையவளாக நிற்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை. அங்கே நகை எள்ளலில் பிறக்கின்றது; எள்ளப்படுவோர் வீட்டுக்காரர்கள். 1989இல் பார்த்திபன் இயக்கிய ‘புதிய பாதை’க்காகச் சிறந்த துணைநடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். 2002இல் பத்மஸ்ரீ வந்தது.

எல்லா வேடமும் இத்தரத்தன என்று சொல்லிவிடுவதும் முறையன்று. பிற்காலப் படங்கள் பலவற்றில் ஓலமிட்டு அழும் தாயாகவும், உரக்கப் பேசும் கிழவியாகவும் அவரை மீண்டும் மீண்டும் நிறுத்தினர். வள்ளுவர் ஊடலுக்கு உப்பை உவமை கூறுவார். அளவு சிறிது மிகுந்தால் கெடும் என்பது கருத்து. அது நடிப்புக்கும் பொருந்தும். அப்படங்களில் உப்பு மிகுந்தது. அதற்குப் பொறுப்பு நடிகையை விட, அவருக்கென வேடம் எழுதத் தெரியாதோரையே சாரும். நாற்பதைக் கடந்த பெண்ணுக்குத் தாய், மாமியார், வேலைக்காரி என்பவற்றுக்கு அப்பால் ஒரு வேடம் எழுதத் தமிழ்த் திரைக்கு மனம் வரவில்லை. கவிஞர்கள் நிறைந்த இவ்வவை, கவிதையில் அப்பெண்ணுக்கு என்ன இடம் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இனித் தொலைக்காட்சி. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எளியோர் வீடுகளிலும் அப்பெட்டியை வைத்தது. மனோரமா தொடர்களிலும் நடித்தார். ஆயினும் தொலைக்காட்சியில் அவர் மிகுதியாக வாழ்வது தொடர்களில் அன்று. பழைய படங்களிலிருந்து வெட்டி எடுத்து ஒளிபரப்பப்படும் நகைச்சுவைக் காட்சிகளில்தான். வெயிலேறும் வரை அளத்தில் நின்று, பாத்தியில் வாரிய உப்பைத் தலைச்சுமையாய்க் கரையேற்றிவிட்டு, வெடித்த பாதங்களோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அக்காட்சிகள் ஓர் இளைப்பாறல். மழைக்காலத்தில் அளம் நீரில் மூழ்கிக் கூலியற்றுப் போகும் மாதங்களிலும் அச்சிரிப்பு வீட்டுக்கு வருகின்றது. அதனைக் குறைத்துப் பேசுவதற்கில்லை.

எனினும் அந்த வெட்டில் ஒன்று போய்விடுகின்றது. நகை இருக்கின்றது, அதன் அடுத்த வீடான அழுகை இல்லை. ரமாமணியின் கேள்வி ஒளிபரப்பாகும். அவளுடைய கொட்டகை வாழ்வு ஒளிபரப்பாகாது. கண்ணம்மாவின் நா ஒளிபரப்பாகும். அவள் பாத்திரம் துலக்கும் பொழுது ஒளிபரப்பாகாது. தொல்காப்பியர் அடுத்தடுத்து வைத்ததைத் தொலைக்காட்சி பிரித்துவிட்டது. கிணைமகளின் ஆட்டத்தை மட்டும் காட்டி, அடுக்களைக் கதவை மீண்டும் அடைத்துவிட்டது.

மனோரமா தம் வேடங்களைத் திரும்பிப் பார்த்துப் பேசிய பேச்சுகளின் பெறுமதி இங்கேதான் இருக்கின்றது. அதே தொலைக்காட்சியில் அமர்ந்து அவர் பள்ளத்தூரைச் சொன்னார், தாயைச் சொன்னார், மணவாழ்வு நிலைக்காமற் போனதையும், மகனை வளர்த்ததையும் சொன்னார். சொல்லிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண் கலங்கினார். வெட்டி எடுத்த நகைக்குத் துண்டிக்கப்பட்ட பாதியை அவரே கொண்டுவந்து சேர்த்தார். ஆற்றுப்படைப் பாணன் செய்ததும் இதுவே. பரிசில் பெற்றபின் அவன் பழைய பசியை மறைத்திருக்கலாம். வழியில் கண்டவனிடம் சொன்னதனால்தான் அப்பாட்டு நமக்குக் கிடைத்தது.

2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். அவர் பேசியவை நாளிதழ்களிலும், வார இதழ்களிலும், தொலைக்காட்சிப் பதிவுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் அன்பர்கள் இவ்வட்டத்திலும் இருக்கக்கூடும். அக்கட்டுகளைப் பிரித்து, அவர் சொன்னவற்றை ஆண்டு வரிசையில் படியெடுக்கும் பணியை அடுத்த கூட்டத்திற்கு முன் இருவர் மூவர் ஏற்றுக்கொண்டாலும் போதும். நகைச்சுவைக் காட்சிகளைத் தேட வேண்டியதில்லை. அவை இன்று மாலையும் ஏதேனும் ஓர் அலைவரிசையில் வரும். தேட வேண்டியவை பள்ளத்தூர் அடுக்களையைப் பற்றி அவர் பேசிய பக்கங்கள்.