பணம் உள்ளவனுக்கு மாற்று வழி, நம் பிள்ளைக்கு எந்த வழி?

(கிள்ளானில் பெற்றோர்களுக்காக நடத்தப்பட்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பரீட்சை முடிவு வந்த பிறகு நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை நல்ல புள்ளிகள் வாங்கியிருக்கிறது. மெட்ரிகுலேஷனுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஒருநாள் கணினியில் ஒரே ஒரு வரி வருகிறது: இடமில்லை. ஏன் இல்லை, யாரிடம் கேட்பது, ஒன்றும் தெரியாது. அதே வாரத்தில் தனியார் கல்லூரி முகவர் அழைக்கிறார். "இன்றே பதிந்தால் கட்டணத்தில் கழிவு" என்கிறார். அப்பா சேமநிதிப் பணத்தை எடுக்கிறார், அம்மா சங்கிலியைக் கழற்றுகிறார், பிள்ளை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறது. பதினெட்டு வயதில் கடனாளி!

வசதி உள்ள குடும்பத்துக்கு இந்த மறுப்புக் கடிதம் ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை தனியார் பள்ளியிலிருந்து ஏ-லெவல் போய், அங்கிருந்து தனியார் பல்கலைக்கழகமோ வெளிநாடோ போய்விடும். லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கும் தொழிற்சாலை ஊழியரின் பிள்ளைக்கும் அரசாங்க வாசல் ஒன்றுதான் வாசல். ஆகவே இந்த வாசலில் நடக்கும் அநீதி எல்லா இந்தியரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. அது முதலில் ஏழையைத்தான் அடிக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் தொடக்கத்தில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2003-இல்தான் மற்றவர்களுக்கு 10 விழுக்காடு திறக்கப்பட்டது. 2012-இல் இந்தியர்களுக்கு 1,500 இடம் என்றார்கள். பிறகு அது 2,200 என்றார்கள். 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள், ஆனால் 90-க்கு 10 என்ற கணக்கு அப்படியே நின்றது. 40,000-இல் பத்து விழுக்காடு 4,000. அதற்குள் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும் அடக்கம். 2024-இல், எந்த இனமானாலும் எஸ்பிஎம்மில் 10 ஏ பெற்றவர்களுக்கு இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்றோம். மறு ஆண்டே, 2025-இல், ஏ மைனஸ் "ஏ" கணக்கில் சேருமா சேராதா என்று தகராறு!

இதிலிருந்து என்ன தெரிகிறது? அறிவிப்பு என்பது சலுகை. இன்று கொடுப்பார்கள், நாளை அர்த்தத்தை மாற்றுவார்கள். தேர்தல் வந்தால் எண்ணிக்கை ஏறும், முடிந்தால் பேச்சைக் காணோம். சட்டத்தில் எழுதப்படாத வாக்குறுதியை நம்பி எந்தப் பிள்ளையும் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது.

சரி, மெட்ரிகுலேஷன் கிடைக்காத பிள்ளை ஆறாம் படிவம் போகிறது. மெட்ரிகுலேஷன் ஓராண்டு, இரண்டு பருவம். எஸ்டிபிஎம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். இரண்டும் வேறு வேறு பரீட்சை. ஆனால் பல்கலைக்கழக வாசலில் இரண்டின் 4.00-ம் ஒரே 4.00. அந்த மெரிட் கணக்கில் 90 விழுக்காடு பரீட்சைக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளி விட்டதும் பகுதி நேர வேலைக்கு ஓடும் பிள்ளை அந்தப் பத்தை எப்படி நிரப்பும்?

2025-இல் எஸ்டிபிஎம்மில் 4.00 பெற்று, மெரிட்டில் 99.9 வைத்திருந்த ஒரு சீன மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பு கிடைக்கவில்லை. நாடே பேசியது. அதே படிப்புக்கு அங்கே நேரடிச் சேர்க்கை வழியும் உண்டு, அதற்குக் கட்டணம் 80,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றும் செய்தி வந்தது. யோசித்துப் பாருங்கள். நம் வரிப்பணத்தில் கட்டிய பல்கலைக்கழகம். முன்வாசலில் "இடமில்லை", பக்கத்து வாசலில் "பணம் கட்டினால் இடமுண்டு". தனியார் கல்லூரியின் வழக்கம் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 12(1)-ஆவது பிரிவு, பொது அதிகாரத் தரப்பு நடத்தும் கல்வி நிலையங்களில் மாணவர் சேர்க்கையிலும் கட்டணத்திலும் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1971-இல் சேர்க்கப்பட்ட 153(8A) பிரிவு, தகுதியுள்ளவர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும் படிப்புகளில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் நியாயமான ஒரு விகிதத்தை ஒதுக்கும்படி உத்தரவிட மாமன்னருக்கு அதிகாரம் தருகிறது. "நியாயமான" என்ற அந்தச் சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழை மலாய்க்காரப் பிள்ளைக்கும் இபான் பிள்ளைக்கும் இடம் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. அவர்களும் நம்மைப் போல வேறு வழி இல்லாதவர்கள். எந்த உத்தரவின்படி, எந்தப் படிப்பில், எத்தனை இடம் என்பதைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒவ்வொரு படிப்புக்கும் மொத்த இடம் எத்தனை, எந்தப் பரீட்சை எழுதியவர் எத்தனை பேர் சேர்ந்தார், கடைசி இடம் எந்த மெரிட் புள்ளியில் போனது என்பதை வெளியிட வேண்டும். சராசரியை மட்டும் காட்டினால் போதாது. இரண்டு, மறுக்கப்பட்ட பிள்ளைக்கு எழுத்துமூலம் காரணம் தர வேண்டும். மூன்று, அதிகக் கட்டண இடங்கள் சாதாரண இடங்களைத் தின்னக் கூடாது, அந்தக் கணக்கும் வெளியே வர வேண்டும். நான்கு, தகுதி சமமாக இருந்தால் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னுரிமை, எந்த இனமானாலும் சரி.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி உட்கார முடியாது. பெற்றோர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்குச் சில நாள்கள்தான் தருவார்கள், தவறவிடாதீர்கள். விண்ணப்பம், மறுப்பு, சான்றிதழ், எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். முதலாம் படிவத்திலிருந்தே புறப்பாடச் சான்றிதழ்களைச் சேர்த்து வையுங்கள். முடிவை நீதிமன்றத்தில் சீராய்வு செய்யக் கேட்பதானால், முடிவு தெரிந்த மூன்று மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரைத் தேடினால் கதவு மூடியிருக்கும். மேல்முறையீட்டின் பதில் வரும்வரை தனியார் கல்லூரிக் கடன் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்டால், அரசியல்வாதியின் வீட்டு வாசலில் தனியாகப் போய் நிற்காதீர்கள். அவர் ஒரு இடம் வாங்கிக் கொடுப்பார், படம் எடுப்பார், நன்றி கேட்பார். மற்ற பிள்ளைகள் வெளியே நிற்கும். பத்துக் குடும்பம் பத்துக் கோப்புடன் சேர்ந்து வாருங்கள். ஒருவர் கேட்டால் அது கெஞ்சல், பலர் ஆதாரத்தோடு கேட்டால் அது உரிமைக் குரல்.

நம் தாத்தா பாட்டி ரப்பர் மரம் சீவிய நாட்டில் நம் பிள்ளை படிக்க இடம் கேட்கிறது. இது பிச்சை அல்ல. கோப்பைத் தயார் செய்யுங்கள், அடுத்த கூட்டத்துக்குக் கையோடு கொண்டு வாருங்கள்.