பாம்படுத்தி என்றால் என்ன?
(நமது சங்கத்தின் வைகாசி மாதக் கூட்டத்தில் பேசியது)



சித்திரைப் பௌர்ணமியையொட்டி, கூவாகம் போகும் திருநங்கைகள் சிலர் நம் தெருவில் தண்ணீர் கேட்டு நின்றார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய வயதானவரைப் பார்த்து இளையவர் ஒருவர் "பாம்படுத்தி" என்றார். அது சாபம் என்று நம்மிடம் ஒரு புகார் வந்து, மினிட்ஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

அது சாபமல்ல. வணக்கம். இந்தியில் 'பாவ்' என்றால் பாதம், 'பட்தி' என்றால் விழுகிறேன். 'பாதத்தில் விழுகிறேன், அம்மா' என்பதுதான் தமிழ் வாயில் பாம்படுத்தி ஆயிற்று. பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர் பதிலுக்கு 'ஜியோ' என்பார். செல்போன் கம்பெனி இல்லைங்க, 'வாழ்க' என்ற ஆசி.

இந்தி எப்படி வந்தது? வீட்டை விட்டு வந்த நம் பிள்ளைகள் பலர் மும்பை, டில்லி என்று போய் அங்குள்ள குருமார்களிடம் சேர்ந்தார்கள். சேலா, நானி என்ற உறவுப் பெயர்களோடு இந்த வணக்கமும் ஊர் திரும்பியது. வெளியார் அறியாமல் பேசிக்கொள்ள இவர்களுக்குள் தனிப் பேச்சே உண்டு. இங்கிலாந்தில் நாடகக்காரர்கள், கப்பல்காரர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் பேசிய 'பொலாரி'யும் இப்படித்தான்; அதில் 'போனா' என்றால் நல்லது, இத்தாலியச் சொல்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கடைசி 'தி'. தமிழில் 'விழுகிறேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இந்தியில் ஆண் 'பட்தா' என்பான், பெண் 'பட்தி' என்பாள். ஆக, கும்பிடும்போதே அவர் 'நான் பெண்' என்றும் சொல்லிவிடுகிறார்.

நான் வங்கியில் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு திருநங்கை சேமிப்புக் கணக்குத் தொடங்க வந்தார். படிவத்தில் இரண்டே கட்டம். அவரைக் கேட்காமலே 'ஆண்' கட்டத்தில் நானே டிக் அடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அரசு 2008-இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் தீர்ப்பளித்தது. என் டிக் அதற்கெல்லாம் முந்தியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வார்த்தை கேட்பதற்குத் தீர்ப்பு எதற்கு?

செயலாளர் அவர்களே, அந்தப் புகாரை ரத்து செய்து, இன்றைய மினிட்ஸில் அப்படியே எழுதும்படி முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கை தூக்குங்கள்.