வாழைப்பழத்தில் இல்லாத சத்து

(செந்துறையில் நடைபெற்ற வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். முட்டை சாப்பிடாத மாணவி ஒருத்தி, சத்துணவில் கொடுத்த வாழைப்பழத்தோடு வந்து, "சார், முட்டைக்குப் பதிலா பழம் தர்றாங்களே, ரெண்டுலயும் ஒரே சத்தா இருக்கு?" என்று கேட்டாள். "ரெண்டும் நல்லதுதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாலையில் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் நான் சொன்னது பாதிப் பதில் என்று தெரிந்தது.

முட்டையில் வைட்டமின் பி12 இருக்கிறது. வாழைப்பழத்தில் அது இல்லை. கீரையிலும் பருப்பிலும்கூட இல்லை. எந்தச் செடியும் இதைத் தயாரிப்பதில்லை. சில நுண்ணுயிரிகள் மட்டுமே தயாரிக்கின்றன. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள், தீவனத்திலுள்ள கோபால்ட்டைக் கொண்டு இதை உருவாக்குகின்றன. அது பாலில் வந்து சேர்கிறது. இதன் சிக்கலான மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் அம்மையாருக்கு 1964இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பில் சொல்ல நல்ல செய்தி இது.

இரத்தச் சிவப்பணுக்கள் முறையாக உருவாகவும், நரம்புகள் நலமாக இருக்கவும் பி12 தேவை. குறைந்தால் இரத்தசோகை, சோர்வு, கை கால் மரத்துப்போதல் எல்லாம் வரலாம். நாம் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து–ஃபோலிக் அமில மாத்திரையில் பி12 கிடையாது. எனவே மாத்திரை விழுங்கியும் சோர்ந்தே இருக்கும் பிள்ளையை "சோம்பேறி" என்று சொல்லிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு தேவை? உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1.8 மைக்ரோகிராம், 10 வயதுக்கு மேல் 2.4 மைக்ரோகிராம். 200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும். இறைச்சி, மீன், முட்டை எதுவும் உண்ணாத பிள்ளைக்குப் பாலும் தயிரும் மோரும்தான் இயல்பான வழி.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒருநாள் வகுப்பில், "வீட்டில் மாடு இருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். நிறையக் கைகள் உயர்ந்தன. "இன்று பாலோ மோரோ குடித்தவர்கள்?" என்றேன். ஒன்றிரண்டு கைகளே மிஞ்சின. விடியலில் கறந்த பால் கேனில் ஏறிச் சங்கத்துக்குப் போய்விடுகிறது. கறக்கிற வீட்டுப் பிள்ளைக்கு வரக்காப்பி. பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பால் பணத்தில்தான் அந்தப் பிள்ளையின் நோட்டும் பேனாவும் வருகின்றன. ஆனால், ஒரு குவளைப் பாலை வீட்டில் நிறுத்துங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்கலாம் அல்லவா?

கூடவே சில செய்திகளையும் சொல்லுங்கள். பி12 நீரில் கரையும் சத்து. அதனால் கடைந்த மோரில் அது தங்கும், நெய்யில் தங்காது. "நெய்ச்சோறு கொடுக்கிறேனே" என்று சொல்லும் தாய்க்கு இதை விளக்க வேண்டும். தயிரில் தெளியும் நீரைக் கொட்ட வேண்டாம். பாலைத் திரும்பத் திரும்ப நெடுநேரம் காய்ச்சினால் சத்து குறையும். ஒருமுறை பொங்கக் காய்ச்சினால் போதும். பால் குடித்தால் வயிறு பொருமும் பிள்ளைக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

முட்டை உண்ணாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, "நேத்து நான் சொன்னது முழுப் பதில் இல்லம்மா. பழத்தையும் சாப்பிடு, வீட்டுல மோரும் கேட்டு வாங்கிக் குடி" என்றேன். "எங்க வீட்டுல மாடே இருக்கு சார்" என்று சிரித்தாள். நம் பிள்ளைகளுக்குத் தேவையான சத்து நம் கொட்டகையிலேயே இருக்கிறது. அதை அவர்கள் தட்டு வரை கொண்டு சேர்க்க நம்மால் முடிந்ததைச் செய்வோம்.