இருமினால் கசிகிறதா?

மதுரை வில்லாபுரத்துக்குக் குடிநீர் கேட்டுப் போராடியவர் மாமன்ற உறுப்பினர் லீலாவதி. 1997-இல் அவரை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பகுதியில் குடம் சுமந்தே வயதான பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். குடத்தைத் தூக்கும்போது, இருமும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது சிறுநீர் சொட்டுவதை அவர்களில் எத்தனை பேர் வாய்திறந்து சொல்லியிருப்பார்கள்?

"பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே ஒரு வாய் தண்ணீர் கிடையாது. அடர்நிறச் சேலை, உள்ளே மடித்து வைத்த பழைய வேட்டித்துணி. மதுரை வெயிலில் இப்படித் தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் வந்து சேரும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

தாய்மார்களே, இந்தக் கசிவு பெரும்பாலும் பிரசவத்தில் பட்ட காயத்தால் வருவது. குழந்தையின் தலை வெளியே வரும்போது, சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்படித் தசை அளவுக்கு மீறி விரிகிறது. சிலருக்குக் கிழிந்தும் போகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் என்றால் ஆபத்து கூடுதல்.

முதல் மருந்து பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதி வைத்தது. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளிழுத்துச் சில நொடி பிடித்து, பிறகு விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரிபார்த்துச் சொன்னால் பலன் கூடும்.

அதிலும் தீராதவர்களுக்குச் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. சுவீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1996-இல் வெளியிட்ட முறை அது. பாவாடை நாடா அகலத்தில் ஒரு வலைநாடாவைச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தாங்கலாக வைக்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை; சின்னச் சின்னக் கீறல்கள்தான். அவர் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, மேஜையில் படுத்திருக்கும் பெண்ணையே இருமச் சொன்னார். கசிவு நிற்கும் அளவுக்கு நாடாவைச் சரிசெய்தார். அதற்கு மேல் இறுக்கவில்லை. இறுக்கிவிட்டால் சிறுநீரே போகாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாடா சதையை அரித்து வெளியே வந்தும், தீராத வலி கொடுத்தும் துன்பப்பட்ட பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இதன் பயன்பாட்டையே நிறுத்திவைத்தார்கள். ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: நாடா இல்லாமல் செய்ய வழி உண்டா? பிறகு அதை எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்? இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பொதுவாக அதன் பிறகே செய்வார்கள்.

இருமாமலே இரவு பகலாக ஓயாமல் வழிந்தால் அது வேறு சங்கதி. நெடுநேரப் பிரசவ வலியில் தலை அழுத்தி, சிறுநீர்ப்பையில் ஓட்டையே விழுந்திருக்கலாம். பயிற்சி செய்து பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே காட்டுங்கள்.

நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மகப்பேறு பிரிவும் சிறுநீரியல் பிரிவும் இருக்கின்றன. போகுமுன் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தடவை போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டை நீட்டினாலே போதும்.