பழைய சேலையில் ஒரு குட்டி வீடு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேமிப்பு, கடன், தொழில் பற்றி நிறைய பேர் பேசிட்டாங்க. நான் 210 ரூபாய் செலவான ஒரு சின்ன விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போறேன்.

எங்க குழுக் கூட்டத்துல ஒரு தங்கச்சி 2,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டோம். புள்ளைக்கு விளையாட்டுக் கூடாரம் வாங்கணும்னு சொன்னாங்க. ரெண்டு மூணு பேர் சிரிச்சுட்டாங்க. "விளையாட்டுச் சாமானுக்கு யாராவது கடன் வாங்குவாங்களா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அந்தத் தங்கச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "அவங்க அப்பா இறந்து மூணு மாசம் ஆச்சுக்கா. அஞ்சு வயசுப் புள்ள. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியில போய் உட்கார்ந்துக்குறா. கூப்பிட்டா வரமாட்டேங்குறா. தனக்குன்னு ஒரு இடம் இருந்தா வெளிச்சத்துலயாவது உட்காருவாளேன்னுதான் கேட்டேன்."

அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை.

குழந்தை விளையாடுறது உரிமைன்னு 1989-இல் ஐ.நா. சபை கொண்டு வந்த குழந்தை உரிமை உடன்படிக்கையோட 31-வது பிரிவே சொல்லுது. நம்ம நாடு 1992-இல் அதை ஏற்றுக்கிட்டது. அதனால அந்தத் தங்கச்சி கேட்டது ஆடம்பரம் இல்லை. ஆனா அதுக்குக் கடன் தேவையான்னுதான் நான் யோசிச்சேன். "கடனை அவசரத்துக்கு வெச்சுக்கோ தங்கச்சி, கூடாரத்தை நாம கட்டிடலாம்"னு சொன்னேன். ஒரு மத்தியான நேரத்துல முடிச்சிட்டோம். எப்படின்னு சொல்றேன், குறிச்சுக்கோங்க.

அஞ்சடி நீள மூங்கில் கழி நாலு. எங்க ஊர்ல ஒண்ணு 40 ரூபாய், ஆக 160. கயிறு 20, பாவாடை நாடா 15, உப்புத்தாள் 15. மொத்தம் 210 ரூபாய். பஞ்சர் கடையில பழைய சைக்கிள் டியூப் சும்மாவே குடுத்தாங்க. ஒரு பழைய நூல் சேலை வேணும். அது எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கும்.

முதல்ல கழியோட கணுக்களைச் சீவி, சிலாம்பு இல்லாம உப்புத்தாளால தேய்க்கணும். உங்க உள்ளங்கையை வெச்சு இழுத்துப் பாருங்க, குத்தக் கூடாது. நாலு கழியையும் சேர்த்து, மேலே இருந்து 8 அங்குலம் விட்டு, டியூபை நீளமா வெட்டி இறுக்கிச் சுத்திக் கட்டணும். ரப்பர் வழுக்காது. மேல் நுனியில துணி சுத்துங்க. கால்ல டியூப் துண்டு மாட்டினா சிமெண்டுத் தரையில சறுக்காது.

நாலு காலையும் மூணடிக்கு மூணடி சதுரமா விரிச்சு நிறுத்தணும். அப்ப உள்ளே உயரம் ஏறக்குறைய மூணே முக்கால் அடி வரும். ரெண்டு புள்ளைங்க தாராளமா உட்காரலாம். கால் அகன்றுடாம இருக்க, எதிர் எதிர்க் கால்களைத் தரையோட குறுக்கே கயிறால கட்டணும். அது பெருக்கல் குறி மாதிரி வரும். மேலே பாய் போட்டா கயிறு காலில் தட்டாது.

இனி சேலை. வெட்டவே வேண்டாம்! நீளவாக்குல ஒரு கரையை ஓர் அங்குலம் மடிச்சுத் தைச்சு, உள்பாவாடைக்குக் கோக்குற மாதிரி நாடா கோத்துடுங்க. கட்டுக்குக் கீழே சுருக்கி முடிச்சுப் போட்டா கூடாரம் ரெடி. சேலை 18 அடி, கூடாரத்தோட சுற்றளவு 12 அடி. மிச்சம் 6 அடி முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தானே கதவாகிடும். அடியில நாலு மூலையிலும் சின்னத் துணி வளையம் தைச்சு கழியில மாட்டிடணும். அழுக்கானா கழட்டித் துவைக்கலாம். அவசரம்னா சேலையாவே கட்டிக்கலாம்!

இப்ப முக்கியமானதைக் கேளுங்க. சேலையில ஊஞ்சல் கட்டி விளையாடி, கழுத்துல சுத்திக்கிட்டு புள்ளைங்க இறந்த செய்தியை நாம எல்லாருமே படிச்சிருக்கோம். அதனால கூடாரத்தை மின்விசிறியிலயோ உத்திரத்துலயோ தொங்க விடாதீங்க. கழி மேலதான் நிற்கணும். நாடா நுனி நாலு விரலுக்கு மேல தொங்கக் கூடாது. நைலான், பாலியஸ்டர் சேலை வேண்டாம். தீப்பட்டா உருகி உடம்புல ஒட்டிக்கும். நூல் சேலையும் தீப்பிடிக்கும். அதனால உள்ளேயும் பக்கத்துலயும் கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, விளக்கு எதுவும் கூடாது. போனுக்கு சார்ஜ் போடவும் கூடாது. அடுப்பு, ஜன்னல் பக்கம் வைக்காம படுக்கை அறை மூலையில வையுங்க. கைக்குழந்தையை உள்ளே தனியா விடாதீங்க.

எங்க தங்கச்சி தன் கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க வீட்டுக்காரர் முதல் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சுங்கடிச் சேலையைக் கொண்டு வந்தாங்க. "இது வேணாம்மா, வேற பழசு கொண்டு வா"ன்னு சொன்னேன். "பெட்டிக்குள்ள கிடந்து என்னக்கா ஆகப் போகுது? அவ உள்ளே உட்காரட்டும்"னு சொல்லிட்டாங்க. தைக்கும்போது எனக்குக் கை ஓடலை.

புள்ள முதல் நாலஞ்சு நாள் உள்ளேயும் பேசாமத்தான் இருந்துச்சாம். கட்டிலுக்கு அடியில மட்டும் போகலை. அப்புறம் ஒருநாள் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே அப்பாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சுதாம். அம்மா வெளியே உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. இன்னொரு நாள், "நீயும் வாம்மா, தலையைக் குனிஞ்சு வா"ன்னு கூப்பிட்டுச்சாம். துக்கம் கூடாரத்தால தீர்ந்துடும்னு நான் சொல்ல வரலை. பேசுறதுக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு இடம் கிடைச்சது, அவ்வளவுதான்.

சிரிச்ச அந்த அக்கா அடுத்த கூட்டத்துக்குத் தன் பேரனுக்காக ஒரு சேலையோட வந்தாங்க.

சகோதரிகளே, ஒருத்தி கடன் கேட்டா எவ்வளவுன்னு கேட்கிறோம், எப்ப கட்டுவேன்னு கேட்கிறோம். எதுக்குன்னும் கொஞ்சம் நின்னு கேட்போம். சில தேவைக்குப் பணம் வேணும். சிலதுக்கு நாலு பேரோட கையே போதும். தைக்கத் தெரியாதவங்க சேலையும் நாடாவும் எடுத்துக்கிட்டு எங்க குழுவுக்கு வாங்க. கூலி வேண்டாம், கத்துக்கிட்டு இன்னொருத்திக்குச் சொல்லிக் குடுங்க.