மின்சாரக் காரும் நம் மலைப்பாதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மின்சாரக் காரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், சமய மேடையில் காருக்கு என்ன வேலை என்று சிலர் நகைத்தனர். சரஸ்வதி பூசையன்று நம் கோயில் வாசலில் வரிசை பிடித்து நிற்பவை எவை? லொறியும் வானும் ஆட்டோவும் அல்லவா? சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, திருநீறும் குங்குமமும் இட்டுப் புறப்படும் சாரதிமாரில் பலர் இச்சங்கத்தின் அங்கத்தவர். அவர்கள் உயிரும் அவர்கள் குடும்பத்தின் சோறும் அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கின்றன. ஆகையால் இது நம் பொருளே.

மின்சாரம் நமக்குப் புதியதன்று. லக்சபானையின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918-இலேயே எழுதினார். 1950-இல் பழைய லக்சபானை நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் மலையில் பெய்த மழை குழாய்வழி இறங்கிக் கொழும்பில் விளக்காக எரிந்தது. அதன் பின்னும் நெடுங்காலம் நம் லயங்களிலே மண்ணெண்ணெய் விளக்கே எரிந்ததென்பதை இங்குள்ள பெரியோர் நம்மினும் நன்கறிவர். அந்த மின்சாரத்தைக் கொண்டு இன்று நம்மவர் ஒருவர் கார் ஓட்டுகிறார் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இலங்கைக்கு மின்சாரக் கார் பெருந்தொகையாக வந்தது 2014, 2015 ஆம் ஆண்டுகளில். அவற்றுட் பெரும்பாலானவை யப்பானில் ஓடிப் பழகிய நிசான் லீஃப் என்பவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி முதல் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையிலே 2022 வந்ததை யார் மறப்பார்? பெற்றோல் வரிசையிலே இரவு பகலாக நின்ற சாரதிமார் லீஃப் வைத்திருந்தோரைப் பார்த்துப் பெருமூச்செறிந்தனர். ஆனால் அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது லீஃப்காரரும் பெருமூச்செறிந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நம் வீட்டிலும் அப்படி ஒரு பழைய லீஃப் உண்டு. அண்ணன் அதனை ஹட்டனிலிருந்து வாடகைக்கு ஓட்டுகிறார். லயத்து வாசல்வரை கார் ஏறாது. ஆகவே கீழே வீதியோரத்துக் கடைக்காரரிடம் மாதக் கணக்கில் காசு கொடுத்து இரவில் அங்கேயே மின்னேற்றுகிறோம். அதன் திரையிலுள்ள எழுத்தெல்லாம் யப்பானிய மொழி. அண்ணன் படங்களைப் பார்த்தே பழகிக்கொண்டார்.

இவ்வகைக் காரை வாங்க நினைப்போர் முதலில் கற்க வேண்டியது ஒரு கணக்கு. அந்தக் காரின் மின்கலம் புதிதாக இருந்தபோது 24 யூனிற் கொள்ளும். நான்கு பேர் ஏறினால் வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 1,800 கிலோ. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இந்த எடையை இந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், ஓடும் தூரத்தைச் சேர்க்காமலே, ஒன்பது யூனிற் வேண்டும். பழசாகிப் போன மின்கலத்தில் இது பாதி. கொழும்பிலே நூறு கிலோமீற்றர் ஓடுகிற வண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் ஏன் மூச்சு வாங்குகிறது என்பது இப்போது விளங்கும். லீஃபின் முகப்பிலே பன்னிரண்டு சிறு கோடுகள் மின்கலத்தின் ஆரோக்கியத்தைக் காட்டும். முதற்கோடு மறைவது நூற்றுக்குப் பதினைந்து வீதம் தேய்ந்த பின்புதான். அந்தக் கோடுகளைப் பொய்யாக நிரப்பி விற்கும் கெட்டிக்காரரும் உளர். ஆகவே வாங்குமுன் தெரிந்த ஒருவரைக் கொண்டு, கைத்தொலைபேசிக் கருவியின் மூலம் உட்கணக்கைப் பார்த்துக்கொள்வது நன்று. லீஃபின் மின்கலத்தைக் குளிர்விக்க நீரோட்டம் இல்லை. வெப்பமே அதற்கு எமன். ஆதலால் நம் குளிர் அதற்கு நல்ல மருந்து.

ஏற்றத்திலே போன பணத்தின் ஒரு பகுதி இறக்கத்திலே திரும்பி வரும். காலை எடுத்தவுடன் மோட்டாரே மின் பிறப்பாக்கியாக மாறி வேகத்தைத் தடுத்து மின்கலத்தை நிரப்புகிறது. பிரேக் கட்டைகள் சூடேறுவதில்லை. இதன் அருமை நம் பாதையை அறிந்தவர்க்கே தெரியும். 2023 சனவரி 20-ஆந் திகதி நானுஓயா ரதெல்லைப் பாதையிலே மாணவர் சென்ற பஸ் வானோடும் ஆட்டோவோடும் மோதி எழுவர் மாண்டனர். 2025 மே 11-இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸிலே இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையிறக்கத்தை நாம் விளையாட்டாகப் பேசவில்லை.

ஆனால் இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. நுவரெலியாவிலே இரவு முழுதும் மின்னேற்றி, மின்கலம் நிரம்பி வழியும் நிலையில் காலையில் இறங்கப் புறப்பட்டால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. மோட்டார் தடுக்காது. முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். ஆகவே மேலேயிருந்து புறப்படுவோர் எண்பது, எண்பத்தைந்து வீதத்தோடு நிறுத்திவிட வேண்டும். வாடகைக்கார் ஓட்டும் சகோதரர் இதனை மட்டும் மனத்திற் பதித்துக்கொண்டாலும் நம் உரை வீணாகாது.

இனிச் சாரதிக்கு உதவும் கருவிகளின் கதைக்கு வருவோம். பழைய லீஃபைக் கொடுத்துவிட்டுச் சற்றுப் புதிய கார் எடுக்கலாம் என்று அண்ணன் கொழும்புக்குச் சென்று விசாரித்தார். அங்கே ஒரே காரை இரண்டு தரமாகக் காட்டினர். மேற்றரத்திலே கார் தானாகவே கோட்டுக்குள் நிற்கும், முன்னால் போகும் வண்டியைத் தானாகவே பின்தொடரும், சுற்றிலும் படம் காட்டும் என்றார்கள். கூடுதலாகக் கேட்ட தொகை எட்டு இலட்சம் ரூபா.

மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு, கோபுரம் கட்டப் புறப்படுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்ற உவமையைப் பலமுறை கேட்ட பழக்கம் உண்டு. உட்கார்ந்து கணக்கிட்டோம். அம்மா கொழுந்து பறிக்கிறார். 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,550 ரூபா, வரவுக்கு 200 ரூபா, ஆக 1,750. எட்டு இலட்சம் என்பது அம்மா மலையேறும் 457 நாள். மழையும் அட்டையும் சேர்த்து 457 நாள்.

அண்ணன் விளம்பரப் பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா ஒரே கேள்வி கேட்டார்: “அப்படின்னா வண்டி ஓட்டுறப்ப நீ தூங்கிக்கலாமாப்பா?” அண்ணன் சிரித்தார். நமக்கோ அது பொறியியல் வகுப்பிலே கேட்க வேண்டிய கேள்வியாகப் பட்டது.

அதற்கு விடை கூடாது என்பதே. இத்தகைய கருவிகளை உலகப் பொறியியலாளர் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை படிகளாக வகுத்துள்ளனர். கடைகளிலே விற்கும் இவ்வகைக் கார்கள் அநேகமாக இரண்டாம் படியைத் தாண்டுவதில்லை. இரண்டாம் படியிலே கை சோர்ந்தாலும் கண் சோரலாகாது. பொறுப்பு முழுதும் சாரதியுடையதே. பெயர்கள்தாம் மயக்குகின்றன. 2025 பெப்ரவரியில் சீனத்துப் பீ.வை.டீ. நிறுவனம் தன் உதவிக் கருவிக்குத் ‘தெய்வக்கண்’ என்றே பொருள்படப் பெயரிட்டு, மலிவான கார்களிலும் மேலதிகக் கட்டணமின்றித் தருவதாக அந்நாட்டிலே அறிவித்தது. அமெரிக்கத்து டெஸ்லா ‘முழுத் தன்னோட்டம்’ என்று பெயரிட்டு விற்றுப் பின்னர் 2024-இல் ‘கண்காணிப்புடன்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. அந்நிறுவனம் 2025 யூலையில் மும்பாயிலே கடை திறந்தபோது, இந்தியப் பாதையில் அப்போது இயங்காத அந்த வசதிக்கே ஆறு இலட்சம் இந்திய ரூபா விலை குறித்தது. வராத மாட்டுக்குக் கயிறு வாங்குவது போலத்தான்!

சீவகசிந்தாமணியிலே மயிற்பொறி வருகிறது. சச்சந்தன் தன் தேவி விசயை தப்பிச் செல்வதற்காகச் செய்வித்த பறக்கும் எந்திரம் அது. அதைச் செலுத்த அவள் நன்கு பயின்றிருந்தாள். ஆனால் வானத்தில் செல்லும்போது மன்னன் மாண்டதை அறிவிக்கும் பகைவரின் முரசொலி கேட்டு மூர்ச்சித்தாள். பொறி கெடவில்லை, தானாகவே மெல்ல இறங்கியது. எங்கே இறங்கியது? சுடுகாட்டிலே. எந்திரத்துக்கு இறங்கத் தெரியும், இடம் தெரியாது. இக்கதையைச் சிறுவயதிலே பாடமாகப் படித்தபோது நாம் இதைக் கவனித்ததில்லை.

2025 மார்ச் 29-இல் சீனத்து அன்ஹுயி மாகாணத்திலே மூன்று கல்லூரி மாணவியர், நம் வயதினர், ஷியோமி நிறுவனத்தின் மின்சாரக் காரிலே இரவில் சென்றனர். கார் உதவிக் கருவியின் ஆட்சியிலே மணிக்கு 116 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. முன்னே பாதை திருத்தும் இடம். கருவி எச்சரித்தது, சாரதி கைப்பிடியைப் பற்றிப் பிரேக் இட்டார், மோதும்போது வேகம் 97. எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையிலே சில விநாடிகளே. மூவரும் மாண்டனர். அந்த வேகத்தில் இரண்டு விநாடியிலே கார் அறுபது மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அடுத்த மாதமே சீன அரசு இத்தகைய கருவிகளைப் பற்றிய மிகை விளம்பரங்களை அடக்கக் கட்டளையிட்டது.

இவை அகன்ற நெடுஞ்சாலையிலே நிகழ்ந்தவை. நம் பாதையில் அந்தக் கமராவுக்கு என்ன தெரியும்? அது கண்ணாடியின் பின்னிருந்து வெள்ளைக் கோட்டைத் தேடும். பொகவந்தலாவைக்குள் தோட்டத்துப் பாதையிலே கோடு ஏது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல இடங்களில் கோட்டோடு பாதையே போய்விட்டது. தலவாக்கலையிலிருந்து மேலே மூடுபனி இறங்கினால் நம் கண்ணுக்குத் தெரியாதது கமராவின் கண்ணுக்கும் தெரியாது. கொண்டை ஊசி வளைவிலே இவ்வகைக் கருவி பெரும்பாலும் கைவிட்டுவிடும். எதிரே பஸ் வரும்போது ஓரத்தில் ஒதுங்கி வழிவிடும் மரியாதையோ, வளைவுக்கு முன் ஹோர்ண் அடிக்கும் வழக்கமோ அதற்குக் கற்பிக்கப்படவில்லை. இன்னொன்று: கல்பட்டு முன்கண்ணாடி மாற்றினால் கமராவை மீண்டும் அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். நம் ஊர்க் கராஜில் அதற்கான கருவி இல்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டோம். மோதல் நெருங்கினால் தானாக இயங்கும் அவசர பிரேக் மெய்யாகவே உயிர் காக்கும். பின்னால் மோதும் விபத்துக்களை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததென்று அமெரிக்கக் காப்புறுதி ஆய்வு நிலையம் கண்டுள்ளது. ஐரோப்பாவிலே 2024 யூலை முதல் புதிய கார் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். பின்பக்கக் கமராவும் நம் லயத்து முற்றங்களிலே, சிறுவர் ஓடித் திரியும் இடத்திலே, மிக அவசியம். நாம் விசாரித்த காரின் கீழ்த்தரத்திலேயே இவை இரண்டும் இருந்தன. மேற்றரத்தை எடுப்பதற்கு நியாயமேதும் நமக்குத் தோன்றவில்லை. நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் கொழும்புச் செல்வருக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

ஆகவே வீட்டிலே முடிவாயிற்று. கீழ்த்தரம் போதும். மிஞ்சும் பணத்திலே நல்ல டயர் நான்கு. மிகுதி கடன் குறைய உதவும். மழைக்காலப் பாதையிலே எந்தப் பிரேக்கும் டயர் பிடித்தால்தானே நிற்கும். “தூக்கம் வந்தா ஓரமா நிப்பாட்டி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாப்பா” என்பது அம்மாவின் கட்டளை.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் ஹட்டன் வழியே மஸ்கெலியா, நல்லதண்ணி போகின்றனர். மின்சாரக் காரில் வருவோர் ஏற்றம் ஏறி வந்து நம் நகரிலே இளைக்கின்றனர். சங்க மண்டபத்தின் பின்புறம் 32 அம்பியர் இணைப்பு ஒன்று அமைத்தால் மணிக்கு ஏழு யூனிற் கொடுக்கலாம்; இரண்டு மணி நேரத்தில் ஒரு கார் மலையடிக்குச் சென்று மீளப் போதுமானது கிடைக்கும். காத்திருப்போர் நம் நூல்நிலையத்தில் அமரலாம். மீற்றர் வைத்துக் கட்டணம் வாங்கினால் நூல் வாங்கவும் காசு சேரும். இணைப்புக்கான செலவை மின்னியல் தொழில் தெரிந்த நம் அங்கத்தவர் இருவர் மதிப்பிட்டுத் தருவதாகக் கூறியுள்ளனர். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாக வைக்கிறோம். வழிமொழிய விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் தருக.